கூற்றுரிமையும் குறைகூறலும்: இணையப் பாத்திரமேற்பு உலகங்களில் திறனாய்வின் இடம்

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு, கூற்று, பின்னூட்டம், லாம்டாமூ, கூட்டுப் புனைவு

முன்னுரை

இணையவழிக் கற்பனையுலக ஆட்டங்களில் ஈடுபடுவோர் ஒருவர்க்கொருவர் வழங்கும் பின்னூட்டம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் நடையைப் பற்றியவை. கனிவாகச் சொல்ல வேண்டும், நிறையை முதலில் கூறிக் குறையைப் பின்னர்க் கூற வேண்டும் என்பன அவற்றுள் வழக்கமானவை. இவை தவறானவை அல்ல, ஆனால் போதாதவை. முற்றுப்பெற்ற நூலைப் படித்துவிட்டுக் கருத்துரைக்கும் சூழலுக்கே இவை பொருந்தும். பாத்திரமேற்பு ஆட்டத்தில் நூல் முற்றுப்பெறுவதில்லை. அதைப் படிப்பவரே அடுத்த வரியையும் எழுதுகிறார். எனவே எவ்வாறு சொல்வது என்பதற்கு முன்னரே இரு வினாக்கள் எழுகின்றன. எவருடைய கூற்றில் கைவைக்கிறோம்? சொல்லப்பட்டதைச் செயலாக்கும் ஆற்றல் யாரிடம் உள்ளது? லாம்டாமூ என்னும் எழுத்துவழி உலகின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை இவ்வினாக்களை ஆராய்கிறது.

எழுத்தாலான மாளிகை

கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பட்டது. ஒருவர் முகம் சுளித்தால் அதுவே பின்னூட்டம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் கணினி உலகில் அந்த முகம் மறைந்து எழுத்து மட்டும் எஞ்சியது. அம்மரபில் வந்த லாம்டாமூவை 1990இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கினார். தம் வீட்டின் அமைப்பையே அதன் மாளிகைக்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டார். புதிதாக வருபவர் மேலங்கிகள் தொங்கும் இருண்ட அறையொன்றில் நுழைவார். பகைவரைக் கொல்வதோ புள்ளிகளைக் குவிப்பதோ அங்கு நோக்கமன்று. ஆட்டக்காரர்களே அறைகளையும் பொருள்களையும் நிரல் எழுதிப் படைத்தனர்.

கூற்று யாருடையது?

அகப்பாடல்களைத் தலைவி கூற்று, தோழி கூற்று எனப் பகுத்துப் படிக்கும் பயிற்சி நமக்குண்டு. பாடியவர் வேறு, கூறுபவர் வேறு என்னும் தெளிவே அப்பகுப்பின் பயன். பாத்திரமேற்பு ஆட்டமும் இத்தெளிவின்றி ஓரடிகூட நகராது. பாத்திரமாக நின்று பேசுவதையும் ஆட்டக்காரராகப் பேசுவதையும் அங்குள்ளோர் கவனமாகப் பிரிப்பர். கொடியவனாக நடிப்பவரைக் கொடியவர் என்று எவரும் கொள்வதில்லை.

1993 மார்ச்சில் லாம்டாமூவில் நடந்த நிகழ்ச்சி இந்த அடிப்படையையே தகர்த்தது. 'வூடூ பொம்மை' எனப்பட்ட நிரலை இயக்குபவர் தட்டச்சு செய்யும் செயல், வேறொருவரின் பாத்திரம் தானே செய்ததுபோல மற்றவர் திரைகளில் தோன்றும். மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் இயங்கியவர் அதைக் கொண்டு பிறர் பாத்திரங்கள்மீது பாலியல் வன்முறை வருணனைகளை ஏவினார். ஜூலியன் டிபெல் 1993 டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் இதனை எழுதிய பின், நேர்ந்தது மெய்யான தீங்கா, வெறும் சொல்லா என்ற விவாதமே நீண்டு வளர்ந்தது. அவ்வினா பொருத்தமாக அமைக்கப்படவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. அங்கு பறிக்கப்பட்டது கூற்றுரிமை. கூற்றையன்றி வேறு உடலில்லாத உலகில் அதைப் பறிப்பதைச் சொல்லளவிலானது என்று ஒதுக்க இயலாது.

பின்னூட்டத்தின் எல்லையையும் இதிலிருந்தே வரையலாம். "உங்கள் வீரன் இவ்விடத்தில் அஞ்சி ஓடியிருக்க வேண்டும்" என்பது ஒருவகைக் கருத்து. "அவன் அஞ்சாமல் நின்றதற்கான காரணம் முந்தைய காட்சிகளில் எனக்குப் புலப்படவில்லை" என்பது மற்றொரு வகை. முதலாவதை எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அது பிறர் கூற்றைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது சற்றுக் கடுமையாக ஒலித்தாலும் ஒரு வாசிப்பை வழங்கிவிட்டு விலகி நிற்கிறது. காரணத்தைப் படைப்பதா, வீரனை மாற்றுவதா என்பதை அவனுக்கு உரியவரே முடிவு செய்வார்.

கேட்கும் இடத்தில் இருப்பவர்

லாம்டாமூவின் நிருவாகிகள் 'மந்திரவாதிகள்' எனப்பட்டனர். சமூகப் பூசல்களில் இனித் தலையிடமாட்டார்கள், தொழில்நுட்பப் பணியாளராக மட்டும் இருப்பார்கள் என்று கர்ட்டிஸ் 1992 டிசம்பரில் அறிவித்திருந்தார். அதனால் 1993 நிகழ்ச்சிக்குப் பின் ஆட்டக்காரர்கள் கூடி நெடுநேரம் பேசியும் முடிவு பிறக்கவில்லை. அதன்பின் மந்திரவாதி ஒருவர் தாமாகவே அப்பாத்திரத்தை நீக்கினார். அது சரியா என்பது ஒருபுறமிருக்க, அன்று பேசப்பட்ட எதற்கும் செயலாக மாறும் வழி இருக்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. பின்னர்க் கர்ட்டிஸ் விண்ணப்ப முறையை ஏற்படுத்தினார். ஆட்டக்காரர் எழுதும் விண்ணப்பம் கையொப்பங்களைத் திரட்ட வேண்டும். நடைமுறைக்கு இயலுமா என மந்திரவாதிகள் ஆராய்வர். அதன்பின் வாக்கெடுப்பு, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு.

இம்முறையின் பெருமை போதிய அளவு பேசப்படவில்லை. குறை சொல்பவர், என்ன செய்ய வேண்டும் என்பதையும் நிறைவேற்றக்கூடிய தெளிவுடன் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயத்தை அது உண்டாக்கியது. எனினும் அது நிலைக்கவில்லை. தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் பிரிக்க இயலவில்லை என்று 1996இல் மந்திரவாதிகளே அறிவித்து மீண்டும் பொறுப்பேற்றனர். இதனை மக்களாட்சியின் வீழ்ச்சியாகக் காண்பது எளிது. 1992 அறிவிப்பைவிட 1996 அறிவிப்பே நேர்மையானதாகத் தோன்றுகிறது. அதிகாரம் இருந்தும் இல்லையென்பவரிடம் சொல்லப்படும் பின்னூட்டம் எங்கும் சென்று சேர்வதில்லை.

எழுதாதவரின் கருத்து

ஆட்டக்காரர்களைச் சாதிப்போர், தேடித் திரிவோர், உறவாடுவோர், கொல்வோர் என நால்வகையாகப் பகுத்த பார்ட்டிலின் 1996ஆம் ஆண்டுக் கட்டுரை பரவலாக மேற்கோள் காட்டப்படுவது. 1989 நவம்பர் முதல் 1990 மே வரை பிரித்தானிய மட் ஒன்றின் அறிவிப்புப் பலகையில் நடந்த விவாதமே அதன் மூலம் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. 'கொலைகள் மிகுந்துவிட்டன' என்று உறவாடுபவர் சொல்வதும் சாதிப்பவர் சொல்வதும் ஒரே குறையல்ல என்று காட்டியது அதன் வலிமை. விவாதித்தவர்களோ சிறப்பாற்றல் பெற்ற மூத்த ஆட்டக்காரர்கள். இருண்ட அறையில் நுழைந்து, வெளியேறும் கட்டளை தெரியாமல் இணைப்பைத் துண்டித்துச் சென்றவரின் குரலுக்கு அதில் இடமில்லை.

இக்குழுக்களை ஆராய்வோர் பெரும்பாலும் மூத்த உறுப்பினரின் நேர்காணலிலிருந்தே தொடங்குகின்றனர். புதியவர் முதல் நாளில் கேட்கும் உதவி வினாக்களிலிருந்து தொடங்கினால் வேறொரு படம் கிடைக்கும். அவ்வினாக்களைத் தரவாகக் கொள்ளும்போது, பாத்திரத்தின் பெயரில் பதிவானதற்கு ஆட்டக்காரரின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும்.