தலைப்பு வைத்தவர்

'நான் குற்றஞ்சாட்டுகிறேன்' என்றதும் நமக்கு எமில் ஸோலாதான் ஞாபகம் வருவார். ஆனால் அந்தத் தலைப்பை வைத்தவர் ஸோலா இல்லை. 1898 ஜனவரி 13 அன்று கடிதத்தை வெளியிட்ட 'லோரோர்' நாளிதழில் எழுதிக்கொண்டிருந்த ஜோர்ஜ் கிளெமன்சோ. செய்யாத உளவுக் குற்றத்துக்காகத் தீவுச் சிறையில் கிடந்த யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸ் விவகாரத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் மட்டும் ஏழு தொகுதிகள். அதற்கும் முன்னால், 1892இல் கார்மோ சுரங்க வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் தரப்பின் பிரதிநிதிகளில் ஒருவராக நின்றவர்.

சரி, இவர் கையில் அதிகாரம் வந்தால் என்ன ஆகும்?

1906 மார்ச்சில் வந்தது. உள்துறை அமைச்சர். நான்கு நாள் முன்புதான் கூரியேர் சுரங்க விபத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. கிளெமன்சோ நேரில் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். கலவரம் என்றதும் ராணுவத்தை அனுப்பினார். சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை 'ஜெர்மினல்' நாவலாக்கிய ஸோலாவின் தோழர் செய்த காரியம் இது.

அதே ஆண்டு அக்டோபரில் பிரதமரானார். 1908 ஜூன் 2, பாரிஸுக்குத் தெற்கே வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூடியிருந்த இடத்தில் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். இரண்டே நாளில், ஜூன் 4 அன்று, அதே அரசாங்கம் ஸோலாவின் உடல் எச்சங்களை பாந்தியோனில் மரியாதையோடு வைத்தது. ஜூலை கடைசியில் மறுபடி துப்பாக்கிச் சூடு. மேலும் நான்கு பேர்.

பதவி வந்ததும் ஆள் மாறிட்டார் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிரைஃபஸுக்காக எழுதியபோதும் அவர் கேட்டது ஒன்றுதான்: சட்டம் தனிமனிதனைக் காப்பாற்ற வேண்டும். அமைச்சரானபோதும் அதையே பிடித்துக்கொண்டார். வேலைக்குப் போக விரும்பும் ஒருவனைத் தடுக்கிற கூட்டம் அவருக்குச் சட்டமீறலாகவே தெரிந்தது. தனியாக நிற்கும் டிரைஃபஸின் முகம் அவருக்குத் தெரிந்தது. கூட்டமாக நின்றவர்களின் முகங்கள் தெரியவில்லை. 1906இல் நாடாளுமன்றத்தில் சோஷலிசத் தலைவர் ழான் ழொரேஸ் அவரோடு மோதியதும் இந்த இடத்தில்தான்.

1913இல் 'சுதந்திர மனிதன்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். 1914இல் போர்க்காலத் தணிக்கை அதை முடக்கியதும், 'விலங்கிடப்பட்ட மனிதன்' என்று பெயரை மாற்றி அதே வேகத்தில் எழுதினார். 1917 நவம்பரில் மறுபடி பிரதமர். பத்திரிகைக்குப் பழைய பெயர் திரும்பியது. தணிக்கையைக் கொஞ்சம் தளர்த்தினார், நீக்கவில்லை.

போரில் வென்று கொடுத்த தலைவர் என்று வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. அந்தக் கணக்கு இருக்கட்டும். இலக்கிய வாசகர்களான நாம் அவரை 1898 ஜனவரியோடு நிறுத்திவிட்டுப் புல்லரித்துக்கொள்கிறோம். அந்த ஏழு தொகுதிகளைப் பாராட்டுகிறவர்கள், 1908இல் செத்த அந்த ஆறு பேரையும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.