நத்தை சுமந்த மடல்

பிப்ரவரி 14 என்றதும் வாழ்த்தட்டைகளும் இதய வடிவ இனிப்புகளுமே பலர் நினைவில் எழுகின்றன. அந்நாளுக்குப் பெயர் தந்த புனித வாலன்டைனை நினைப்போர் சிலரே. 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது திருச்சபையும் அவருடைய நினைவைப் பொது நாள்காட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அந்நாளைப் புனிதர்கள் சிரில், மெத்தோடியு இருவருக்கும் அளித்தது.

அமெரிக்கப் பள்ளிகளில் சிறுவர் சிறுமியர் அன்று ஒருவருக்கொருவர் அட்டைகள் வழங்குவது நெடுநாள் வழக்கம். எத்தனை அட்டை வந்தது என்று எண்ணும் ஆசை அங்கே பிறக்கிறது. வராத பிள்ளையின் ஏக்கமும் அங்கேயே பிறக்கிறது. அன்பை எண்ணிக்கையால் அளக்கும் இப்பழக்கத்தை எண்ணும்போது, ஆர்னால்ட் லோபெல் எழுதி, ஓவியமும் தாமே தீட்டி, 1970இல் வெளிவந்த 'ஃப்ராக் அண்ட் டோட் ஆர் ஃப்ரெண்ட்ஸ்' என்னும் சிறுவர் நூல் நம் நினைவுக்கு வருகிறது. தவளையும் தேரையும் தோழர்கள் என்பது அதன் பொருள். வாலன்டைன் நாளைப் பற்றிய நூல் அன்று இது. ஆயினும் அந்நாள் தேடும் பொருள் இதில் உண்டு.

64 பக்கங்கள், ஐந்து கதைகள், பச்சையும் பழுப்பும் கலந்த அடக்கமான ஓவியங்கள். இவ்வளவே நூல். தவளை சுறுசுறுப்பானது, தேரை சிடுசிடுப்பானது. நூலின் நகைச்சுவை இவ்வேறுபாட்டிலிருந்தே ஊறுகிறது.

முதற்கதையில் நமக்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. குளிர்கால உறக்கத்திலிருக்கும் தேரை, மே மாதம் பாதி கழிந்தபின் எழுப்பினால் போதும் என்கிறது. அதுவரை தனிமையில் வாட விரும்பாத தவளை, நவம்பரிலேயே நின்றுவிட்ட நாள்காட்டியின் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழிக்கிறது. ஏப்ரலையும் சேர்த்துக் கிழித்துவிட்டு, மே பிறந்துவிட்டது என்கிறது. தேரையும் நம்பி எழுகிறது. சிரிக்கிறோம், ஆனால் இது பொய்யன்றோ? விளையாட்டுக்காகச் சொன்னாலும் பிறர் நலனுக்காகச் சொன்னாலும் பொய் பொய்யே என்பது தூய அகுஸ்தினாரும் தூய தோமா அக்குவினாரும் காட்டிய நெறி. இங்கோ தவளையின் தன்னலமும் அதில் கலந்திருக்கிறது. பொய் வென்றதைக் கண்டு குழந்தை மகிழ்வதை நாம் குறையாகவே கொள்கிறோம்.

நான்காம் கதை இன்னும் கூர்மையானது. நீச்சலுடையில் தன்னை எவரும் பார்க்கலாகாது என்று தேரை வேண்டுகிறது. தவளையும் மற்ற உயிர்களைப் போகச் சொல்லிப் பார்க்கிறது, அவை போகவில்லை. குளிரில் நடுங்கிக் கரையேறும் தேரையைக் கண்டு எல்லாம் சிரிக்கின்றன, தவளையும் சிரிக்கிறது. தேரை தன் துணிகளை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. மன்னிப்புமில்லை, சமாதானமுமில்லை. கதை அங்கேயே முடிகிறது.

இவ்விரண்டையும் மனத்திற் கொண்டே ஐந்தாம் கதையைப் படித்தல் வேண்டும். தனக்கு மடலே வருவதில்லை என்று தேரை வருந்துகிறது. தவளை தன் வீட்டுக்கு ஓடி ஒரு மடல் எழுதி, அதை ஒரு நத்தையிடம் கொடுத்தனுப்புகிறது! பின்பு தேரையின் வீட்டுச் சன்னலருகே நின்று தவிக்கிறது. நத்தை வரவில்லை. கடைசியில் மடல் எழுதியது தானே என்று தவளை ஒப்புக்கொள்கிறது. தேரை தன் உற்ற தோழனாயிருப்பதில் தனக்குள்ள மகிழ்ச்சியையே எழுதியதாக வாய்விட்டுச் சொல்கிறது.

நூலின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து. விரைந்து செல்லும் தூதன் கிடைத்திருந்தால் மடல் வந்திருக்கும். தவளை வாய் திறந்திராது. நத்தையின் தாமதமே உண்மையை வெளிக்கொணர்கிறது. முதற்கதையில் காலத்தைக் கிழித்துத் தோழனை ஏமாற்றிய தவளை, இங்கே காலம் கடத்த முடியாமல் உண்மை பேசுகிறது. ஆசிரியர் இப்படித் திட்டமிட்டாரோ இல்லையோ, கதைகளின் வரிசை இவ்வாறு படிக்க இடந்தருகிறது. முதற்கதையின் குறை இதனால் நீங்கிவிடவில்லை. ஆகவே பெற்றோர் உடனிருந்து படித்து, தவளை செய்தது சரியா என்று பிள்ளைகளைக் கேட்பது நலம்.

செய்தி தெரிந்த பின்னும் இருவரும் வாசலில் அமர்ந்து மகிழ்ச்சியோடு காத்திருக்கின்றனர். நான்கு நாள்கள் கழித்து நத்தை வருகிறது. அறிந்த மடலேயாயினும் தேரை அதைப் பெற்றுப் பெரிதும் மகிழ்கிறது. ஞாயிறுதோறும் நாம் கேட்டறிந்த நற்செய்தியையே மீண்டும் கேட்கக் கூடுகிறோம் அல்லவா? தேரையின் மகிழ்ச்சி நமக்குப் புரியாததன்று.