மலிவான வெர்தேஹோவை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

ஸ்பெயினில் ஒரு பாருக்குள் போய் "ஒரு ருவேதா" என்றால் போதும், குளிர்ந்த வெள்ளை ஒயின் ஒரு கோப்பை வந்துவிடும். ஊர்ப்பெயரே பானத்தின் பெயராகிவிட்ட அளவுக்கு அது அங்கே அன்றாடச் சரக்கு. கடையில் புட்டி 5 முதல் 8 யூரோவுக்குள் கிடைக்கும். இந்த விலைக்கு இதற்குமேல் என்ன கேட்பது என்பார்கள். ஆனால், இந்த ஒயினில் நான் காணும் குறைக்கு மலிவு காரணமில்லை, மோஸ்தர்தான் காரணம்.

ருவேதா வயாதோலித் நகருக்குத் தென்மேற்கே, துவெரோ ஆற்றுப் பக்கம், கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கும் மேலே உள்ள மேட்டுநிலம். கூழாங்கல் மண். கோடையில் பகல் சுட்டெரித்தாலும் இரவு குளிர்ந்துவிடுவதால், பழம் முற்றியும் புளிப்பு குறைவதில்லை. அங்கே விளையும் வெர்தேஹோ திராட்சைக்கு ஒரு பலவீனம்: சாறு காற்றுப்பட்டால் சீக்கிரம் பழுப்பு நிறமாகிவிடும். முன்னோர் அதைத் தடுக்கப் போராடவில்லை. வேண்டுமென்றே காற்றில் முதிரவிட்டு, ஷெர்ரி போன்ற பொன்னிற ஒயினாக்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் ரியோஹாவின் மார்கேஸ் தே ரிஸ்கால் நிறுவனம் நல்ல வெள்ளை ஒயினுக்கு இடம் தேடி இங்கே வந்தது. போர்தோவின் ஒயின் வல்லுநர் எமில் பேனோ அதற்கு ஆலோசகர். இளமையாகவே அடைத்து விற்கும் வெர்தேஹோ அதன்பின் பரவியது. 1980இல் ருவேதாவுக்கு அதிகாரபூர்வ வட்டாரத் தகுதியும் கிடைத்தது. இப்போது இரவில் இயந்திர அறுவடை, எஃகுத் தொட்டி, குளிரில் நொதிப்பு. சாறு கெடாமல் காக்கும் வித்தை கைவந்துவிட்டது. சிக்கலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் தாட்பூட் பழம், சில நேரம் வாழைப்பழம். மயக்கும் மணம்தான். ஆனால் அதில் பெரும்பங்கு, தேர்ந்தெடுத்த ஈஸ்டும் குளிர்ந்த நொதிப்பும் சேர்ந்து கிளப்புவது. நான் சொன்ன மோஸ்தர் இதுதான். நியூசிலாந்தின் சாவிஞ்ஞோன் பிளாங்கிலும் இதற்கு நெருங்கிய மணம் வரும். மண்ணும் திராட்சையும் தருவது இதற்கடியில் ஒளிந்திருக்கிறது: சோம்பு, வெட்டிய புல், பிரிஞ்சி இலை. கண்டுபிடிக்க எளிய வழி, கோப்பையைக் கொஞ்ச நேரம் மேசையில் விடுவது. பழவாசனை அடங்கியபின் ஏதாவது மிஞ்சினால் அது நல்ல புட்டி. மிஞ்சாதவையும் இந்த விலையில் நிறைய.

வாயில் இன்னும் தெளிவாகத் தெரியும். நடுத்தரப் புளிப்பு, லேசான எண்ணெய்ப் பதம், கடைசியில் பாதாம் தோலின் சிறு கசப்பு. இந்தக் கசப்பைக் குறையென்பவர்கள் உண்டு. அறுசுவையில் கசப்புக்கு இடம் கொடுத்த நமக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். வெர்தேஹோவின் கையெழுத்தே அதுதான். அதை மழுக்கி, இனிப்புச் சாயலோடு முடிக்கும் புட்டிக்கு என்னிடம் மதிப்பில்லை. உறைகுளிரில் பரிமாறினால் இந்த வேறுபாடு தெரியாமல் போகும். 8 முதல் 10 பாகை போதும்.

உணவோடு சேரும்போது இதே கசப்பு வேலை செய்கிறது. தண்ணீர்விட்டான் கொடியின் இனமான அஸ்பராகஸ் பல ஒயின்களை உலோகச் சுவையாக்கிவிடும். துவெரோ கரையிலுள்ள தூதேலாவின் அஸ்பராகஸுக்கு வெர்தேஹோ அசராது. இலைதழை மணம் இரண்டுக்கும் பொது. உருளைக்கிழங்கு முட்டை தோர்த்தியாவின் கனத்தையும், பூண்டெண்ணெயில் புரட்டிய இறாலின் வழுவழுப்பையும் அது ஒவ்வொரு வாய்க்கும் துடைத்துவிடுகிறது. பொரித்த நெத்திலிக்கும் சரி. அதே நெத்திலியை வினிகரில் ஊறவைத்தால் கதை மாறும்: உணவின் புளிப்பு ஒயினை மிஞ்சியதும் ஒயின் தண்ணீராகிவிடும். அங்கே சான்லூகாரின் உலர் ஷெர்ரியான மன்சனீயாதான் தாங்கும். சிப்பி, கிளிஞ்சலுக்குக் கலீசியாவின் வெள்ளை ஒயினான அல்பரீஞோ மேல். விலையும் பெரும்பாலும் மேல். ருவேதா வட்டாரத்தின் பெருமையான, விறகடுப்பில் வாட்டிய பால்குடி ஆட்டுக்குட்டிக்கு முன் வெர்தேஹோ காணாமல் போகிறது. அந்த ஊர்க்காரர்களே அதற்கு அதே ஆற்றங்கரையில் விளையும் ரிபேராவின் சிவப்பைத்தான் திறக்கிறார்கள்.

ஆக, தனியாக உறிஞ்சி ரசிக்க இது இரண்டாம் தர ஒயின். மீன், முட்டை, காய்கறி மேசையில் இந்த விலைக்கு முதல் தரம். வாங்கும்போது லேபிளில் வெர்தேஹோ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி ஒரு திராட்சையின் பெயரை மட்டும் போட்டால் குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும். வெறும் ருவேதா என்றிருந்தால் வேறு திராட்சையும் கூடுதலாகக் கலந்திருக்கலாம். இரண்டு ஆண்டைத் தாண்டிய மலிவுப் புட்டியை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.