நிமிடத்திற்கு எத்தனை சொல்? தொடக்க வகுப்புகளில் தமிழ் வாசிப்பை அளக்கும் முறை – ஒரு திறனாய்வு

தொடக்க வகுப்புக் குழந்தை ஒரு பத்தியைத் தடையின்றியும் பிழையின்றியும் பொருள் விளங்கும் வகையிலும் வாய்விட்டு வாசிப்பதை வாசிப்புச் சரளம் என்பர். இதற்கு முந்தைய நிலை எழுத்துக்கூட்டி வாசித்தல். எழுத்தைக் கண்டு ஒலியை நினைவுகூர்ந்து, ஒலிகளை இணைத்துச் சொல்லாக்கும் திறன் அது. அண்மைக் காலமாக இந்தியப் பள்ளிகளில் சரளம் என்பது ‘நிமிடத்திற்கு எத்தனை சொல்’ என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கி வருகிறது. அந்தக் கேள்வி தமிழ் வாசிப்புக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவுகோல் வந்த வழி

வாசிப்பில் வேகத்திற்கு இடம் கொடுத்த கருத்து அமெரிக்க உளவியலில் வேர்கொண்டது. லாபெர்ஜ், சாமுவேல்ஸ் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை, மனத்தின் கவனம் ஓர் எல்லைக்கு உட்பட்டது என்ற அடிப்படையில் அமைந்தது. எழுத்தை அடையாளம் காண்பதிலேயே கவனம் முழுவதும் செலவானால் பொருளை உணர எதுவும் மிஞ்சாது. எழுத்தறிதல் தன்னியல்பாக நிகழும்போதுதான் மனம் பொருளின் பக்கம் திரும்பும். இதன் தொடர்ச்சியாக, ஒரே சிறு பத்தியைப் பலமுறை வாசிக்கச் செய்யும் பயிற்சியை சாமுவேல்ஸ் 1979இல் முன்வைத்தார். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, ஒலியுணர்வு, எழுத்தொலித் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் ஆகிய ஐந்தையும் வாசிப்பின் கூறுகளாகக் கொண்டது. அந்த அறிக்கையில் சரளம் என்பது வேகம், துல்லியம், உரிய ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தது.

2006 முதல் பல நாடுகளுக்கும் பரவிய ‘எக்ரா’ எனப்படும் தொடக்க வகுப்பு வாசிப்பு மதிப்பீடு, ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணும் முறையைப் பரவலாக்கியது. இந்தியாவில் 2021 ஜூலை 5 அன்று தொடங்கப்பட்ட நிபுண் பாரத் இயக்கம், இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்திற்கு 45 முதல் 60 சொற்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொற்கள் என இலக்கு வகுத்தது. மூன்று கூறுகளில் எண்ணுவதற்கு எளிதான வேகம் முன்னுக்கு வந்தது. ஏற்ற இறக்கம் பின்தங்கியது.

இந்த அளவுகோலால் ஒரு நன்மை உண்டு. தொடக்க வகுப்புகளில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்லும் வழக்கம் நீண்ட காலமாக இருந்து வருகிறது. முப்பது குரல்கள் ஒன்றாக ஒலிக்கும்போது, எழுத்தே தெரியாத நான்கு குழந்தைகளின் குரலும் அதில் கலந்துவிடும். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தை, விரலை எந்த வரியில் வைத்திருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. குழந்தையைத் தனியே அழைத்து, அதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் முறை இந்த மறைவை நீக்குகிறது. குறை இருப்பது, கேட்டதை எந்த அலகால் எண்ணுகிறோம் என்பதில்.

சொல் என்னும் அலகு

ஆங்கிலத்தில் ‘தி பாய்ஸ் வேர் பிளேயிங் இன் தி கார்டன்’ என்ற வாக்கியத்தில் ஏழு சொற்கள் உள்ளன. அதையே தமிழில் ‘சிறுவர்கள் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்று எழுதினால் மூன்றே சொற்கள். ஆனால் அவற்றில் 26 எழுத்துகள் உள்ளன. கடைசிச் சொல்லில் மட்டும் 14 எழுத்துகள். நிமிடத்திற்கு 60 சொல் என்ற இலக்கின்படி இந்த வாக்கியத்தை ஒரு குழந்தை மூன்று விநாடியில் வாசித்தாக வேண்டும். அதாவது விநாடிக்கு ஏறத்தாழ ஒன்பது எழுத்து. எட்டு வயதுக் குழந்தையிடம் இதை எதிர்பார்ப்பது முறையாகாது.

ஒரு குழந்தை இந்த வாக்கியத்தை 12 விநாடியில் வாசிப்பதாகக் கொள்வோம். கணக்குப்படி அதன் வேகம் நிமிடத்திற்கு 15 சொல். இதே வாக்கியத்தை அச்சிடுபவர் ‘விளையாடிக் கொண்டிருந்தார்கள்’ என்று இடைவெளி விட்டுப் பிரித்திருந்தால் சொற்கள் நான்காகும். வேகம் 20 ஆகிவிடும். ஒரு வெற்றிடம் குழந்தையின் ‘திறனை’ மூன்றில் ஒரு பங்கு உயர்த்திவிட்டது. இனி ‘இது என் வீடு. இதில் ஒரு மரம் உண்டு’ என்ற பகுதியை அதே குழந்தை அதே எழுத்து வேகத்தில் வாசிப்பதாகக் கொண்டால், ஏழு சொற்களில் 17 எழுத்துகளே இருப்பதால் எட்டு விநாடிக்குள் முடித்துவிடும். இப்போது அதன் வேகம் 53 சொல். ஒரே குழந்தை, ஒரே வேகம். கிடைத்த மதிப்பெண்களோ 15, 20, 53. முதல் இரண்டின்படி அது இரண்டாம் வகுப்பு இலக்கை எட்டவில்லை, மூன்றாவதன்படி எட்டிவிட்டது.

தமிழ் ஒட்டுநிலை மொழி. வேற்றுமை உருபு, கால இடைநிலை, துணைவினை, விகுதி எல்லாம் ஒரே சொல்லில் அடுக்கி வரும். ஆகவே பிற மொழியில் எழுந்த சொற்கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துவைக்க முடியாது. இந்தச் சிக்கலை ஆட்சியாளர்கள் முற்றிலும் அறியாதவர்கள் அல்லர். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2022இல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் 20 மொழிகளில் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு, ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி அளவுநிலைகளை வகுத்தது. அது சரியான திசையில் ஓர் அடி. ஆனால் ஒரே மொழிக்குள்ளும் பத்திக்குப் பத்தி எண் மாறும் என்பதை மேலே உள்ள கணக்கு காட்டுகிறது. சொல்லை அலகாகக் கொள்ளும் வரை இந்தத் தடுமாற்றம் தீராது.

குழந்தை தடுமாறும் இடங்கள்

247 எழுத்துகள் என்று சொன்னாலும், உயிரும் மெய்யும் குறியீடுகளும் தெரிந்தால் மற்றவை தாமே வந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. நடைமுறையில் அது அவ்வளவு நேரானதாக இல்லை. கன்னடம் கற்கும் குழந்தைகளைப் பற்றி சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் வரிசைகளைக் கொண்ட எழுத்துமுறையைக் கைவசப்படுத்தத் தொடக்கப்பள்ளியின் பல ஆண்டுகள் தேவைப்படுவதை எடுத்துக்காட்டியது. தமிழிலும் குழந்தைகள் தடுமாறும் இடங்களை அடையாளம் காண முடியும்.

முதலாவது, கொம்புகள். ‘கே’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக்கொம்பு. வாயில் முதலில் வருவது ககர ஒலி. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் எழுத்தின் இருபுறமும் குறி நிற்கிறது. ‘கௌ’ என்பதன் பின்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால் ‘கெள’ என்று படிக்கும் குழந்தைகள் உண்டு.

இரண்டாவது, உகர ஊகார வரிசை. கு, சு, து, பு, மு என்பவற்றிற்குப் பொதுவான ஒரே குறி இல்லை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் றா, னா, லை, னை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. உகர வரிசையைத் தொடவில்லை. எனவே இவ்வரிசையை ஒவ்வோர் எழுத்தாகவே பழக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வல்லின ஒலி. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே. ஒலி மூன்று விதம். வீட்டில் கேட்டறிந்த சொல்லானால் குழந்தை தானே திருத்திக்கொள்ளும். கேட்டறியாத சொல்லில் தயங்கி நிற்கும்.

நான்காவது, நெடிலும் ஒற்றும். படு, பாடு, பட்டு, பாட்டு என்பவற்றில் ஒரு துணைக்காலோ ஒரு மெய்யெழுத்தோ பொருளை மாற்றிவிடுகிறது.

நிமிடத்திற்கு 20 சொல் என்ற எண், இவற்றில் எந்த இடத்தில் குழந்தை நின்றது என்பதைச் சொல்வதில்லை. கொம்பில் தடுக்கும் குழந்தைக்கும் ஒற்றை விழுங்கும் குழந்தைக்கும் வேறு வேறு பயிற்சி வேண்டும். இருவரையும் ‘வேகம் போதாது’ என்ற ஒரே பெட்டியில் அடைப்பதால் ஆசிரியருக்குக் கிடைக்கும் உதவி சொற்பம்.

எது பிழை?

சரியாக வாசித்த சொற்களை எண்ண வேண்டுமானால் எது பிழை என்ற வரையறை வேண்டும். தமிழில் எழுத்துநடை வேறு, பேச்சுநடை வேறு. ‘மரத்தில் கிளி இருக்கிறது’ என்ற வாக்கியத்தை ஒரு குழந்தை ‘மரத்துல கிளி இருக்கு’ என்று வாசித்தால் கண்டிப்பான மதிப்பீட்டில் அது இரண்டு பிழை. உண்மையில் அந்தக் குழந்தை எழுத்தைப் படித்து, பொருளை உணர்ந்து, தன் மொழியில் திருப்பிச் சொல்லியிருக்கிறது. எழுத்துகளைக் கவனித்ததா என்பதை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி உறுதிசெய்யலாம். பாட்டு என்பதைப் பட்டு என்று வாசித்துவிட்டு, பொருள் பொருந்தாததை உணராமல் மேலே செல்லும் குழந்தைக்கு ஒரே ஒரு பிழைதான். ஆனால் உதவி தேவைப்படுவது அந்தக் குழந்தைக்கே.

‘வாழைப்பழம்’ என்பதை வட்டார வழக்கின்படி ‘வாளப்பளம்’ என்று ஒலிப்பதும் இவ்வகையே. ழகர உச்சரிப்பைத் திருத்துவது மொழிப் பயிற்சியின் ஒரு பகுதி. அதை எழுத்தறியாமை என்று கணக்கில் எழுதுவது தவறு.

2005 முதல் பிரதம் அமைப்பு வெளியிட்டுவரும் ஏசர் அறிக்கையின் வாசிப்புச் சோதனை இவ்வகையில் சற்று நிதானமானது. எழுத்து, சொல், பத்தி, கதை என்ற நான்கு படிகளில் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று அது பார்க்கிறது. சொல் சொல்லாகத் துண்டித்து வாசிக்கிறதா, வாக்கியமாக ஓட்டத்துடன் வாசிக்கிறதா என்பதைக் கேட்பவர் கவனிக்கிறார். கடிகாரத்திற்கு அங்கே முதலிடம் இல்லை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தே கற்பிக்கிறது. நிலை அறிந்து கற்பிப்பது நல்ல நெறி. ஆனால் நிலைக்குள் இருக்கும் தடையை இனங்காணாவிட்டால் அரும்பும் மொட்டும் வெறும் பெயர்களாக நின்றுவிடும்.

வேகம் குறிக்கோளானால்

எண்ணப்படுவது எதுவோ அதுவே கற்பிக்கப்படும். நிமிடக் கணக்கு கேட்கப்படும் என்று தெரிந்த வகுப்பில் நிறுத்தக்குறிகள் மறைகின்றன. கேள்வி வாக்கியமும் வியப்பு வாக்கியமும் ஒரே குரலில் ஓடுகின்றன. மெல்லப் படித்தாலும் பொருள் சொல்லும் குழந்தை கடிகாரத்தைக் கண்டு அஞ்சி, தெரிந்த சொல்லையும் மறந்து நிற்கிறது. வாய்விட்டு வாசிக்கக் கூச்சம் கொண்ட குழந்தை அடுத்த முறை எழுந்து நிற்கவே மறுக்கும்.

ஆங்கில வகுப்பில் அடிக்கடி வரும் சிறு சொற்களை அட்டைகளில் எழுதிப் பார்த்தவுடன் சொல்லப் பழக்குவர். அது அம்மொழிக்குப் பொருந்தும். அங்கே இலக்கணப் பணி செய்வன பெரும்பாலும் தனிச் சிறு சொற்கள். தமிழில் அந்தப் பணியைப் பெரிதும் உருபுகளும் விகுதிகளும் செய்கின்றன. ஆகவே தமிழ்க் குழந்தை பார்த்தவுடன் அறிய வேண்டியவை -கள், -இல், -இருந்து, -உடன், -ஆர்கள், -கொண்டிருந்த போன்ற சொல்லிறுதிகள். ‘விளையாடி – கொண்டிருந்தார்கள்’ என்று இரண்டு துண்டாகக் காணப் பழகிய குழந்தைக்கு அந்த 14 எழுத்துச் சொல் மலைப்பைத் தராது. ‘ஓடிக்கொண்டிருந்தார்கள்’, ‘பாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பவற்றையும் அதே பழக்கத்தில் வாசித்துவிடும். பயிற்சி நூல்களில் இதற்கு இன்னும் கூடுதலான இடம் தேவை.

மாற்று வழி

சொல்லுக்குப் பதில் எழுத்தை எண்ணுவது எளிய மாற்று. நூறு எழுத்துகள் கொண்ட, பாடநூலில் இல்லாத ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, வாசிக்க எடுத்த நேரத்தையும் தவறிய எழுத்துகளையும் குறித்துக்கொள்ளலாம். மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பதால் எழுத்துக் கணக்கும் முழுத் துல்லியம் உடையதன்று. ஆயினும் சொற்கணக்கில் வரும் பெரும் பிழை இதில் வராது. அச்சு இடைவெளியும் முடிவை மாற்றாது.

நேரத்துடன் மேலும் மூன்றைக் குறிக்க வேண்டும்: எந்த வகை எழுத்தில் தடுமாற்றம், நிறுத்தக்குறியை மதித்ததா, வாசித்ததிலிருந்து கேட்ட ஒரு கேள்விக்கு விடை சொன்னதா. ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம் போதும். முப்பது பேர் உள்ள வகுப்பில் நாளொன்றுக்கு ஐந்து பேர் வீதம் ஆறு பள்ளி நாள்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். மற்ற குழந்தைகள் அப்போது இருவர் இருவராக அமர்ந்து ஒரே பத்தியை மாறி மாறி மூன்று முறை வாசிக்கலாம். ஒப்பீடு ஒரு குழந்தையின் இன்றைய வாசிப்புக்கும் சென்ற மாத வாசிப்புக்கும் இடையே இருந்தால் போதும். பக்கத்துக் குழந்தையோடு வேண்டாம்.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளைச் சேர்த்துக் கவனிக்கும் ஆசிரியருக்கு இதுவும் சுமைதான். ஆனால் பதிவேட்டில் ஓர் எண்ணை நிரப்பச் செலவாகும் நேரமே இதற்கும் செலவாகிறது. கிடைக்கும் பயன் வேறு. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எழுத்துக்கூட்டும் தடையைத் தாண்டாத குழந்தைக்கு, அதன் பின் அறிவியலும் சமூக அறிவியலும் கணக்கில் வரும் வாக்கியங்களும் மூடிய கதவுகளாகின்றன. அந்தக் குழந்தை எந்த எழுத்தில் நிற்கிறது என்று சொல்லும் மதிப்பீடே வகுப்பறைக்குத் தேவை.