வெண்ணெய் விரல்கள்

கையில் எடுத்ததையெல்லாம் நழுவவிடுபவரை ஆங்கிலேயர்கள் ‘பட்டர்ஃபிங்கர்ஸ்’ என்று கேலி செய்வார்கள். வெண்ணெய் படிந்த விரல்களில் எதுதான் நிற்கும்? அந்தக் காட்சிதான் இந்த வசவின் அழகு.

இதன் பழைய தடயம் அடுக்களையில் கிடைக்கிறது. சமையலில் இறங்கும் பெண்ணுக்கு இப்படிப்பட்ட விரல்கள் ஆகாது, எல்லாவற்றையும் கீழே போட்டுவிடுவாள் என்று 1615-இல் வந்த இல்லத்தரசிகளுக்கான நூலில் ஜெர்வேஸ் மார்க்கம் எழுதினார்.

பிறகு கிரிக்கெட் மைதானம் இதைத் தத்தெடுத்துக்கொண்டது. 1836-இல் வெளிவரத் தொடங்கிய டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில், ஜிங்கிள் என்ற வாயாடி பந்தைக் கோட்டைவிடும் ஆட்டக்காரர்களை இப்படித்தான் சீண்டுகிறான். உயரே எழும்பிய பந்து, கீழே குவித்த உள்ளங்கைகள், பட்டுத் தெறித்துப் புல்லில் உருளும் பந்து: அந்த நொடிக்கென்றே செய்த சொல் இது.

1923-இல் சிகாகோவின் கர்டிஸ் நிறுவனம், சாக்லேட் பூசிய தன் வேர்க்கடலை மிட்டாய்க்கே ‘பட்டர்ஃபிங்கர்’ என்று பெயர் சூட்டியது.