யோபின் வழக்கு

துன்பம் வந்துற்றவிடத்து இறைவனை நம்புதல் எங்ஙனம் என்னும் வினா எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயதொன்று. கிறித்தவ சமயத்தார் இவ்வினாவிற்குப் பெரிதும் எடுத்துக்காட்டுவது பழைய ஏற்பாட்டிலுள்ள யோபின் சரிதமாகும். அதனை இந்துக் கல்லூரி மலரொன்றில் ஆராய்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்றவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. அந்நூலை நன்கு கற்றிருந்தமையாலேயே, 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில் அதனையே சான்றாக நிறுத்தி வாதிட அவரால் இயன்றது. பிறர் நூலைப் பழுதறக் கற்றல் நம் முன்னோர் காட்டிய நெறி. வாதத்தை விடுத்துத் தெளிவின் பொருட்டு அந்நெறியிற் செல்வாம்.

ஊத்ஸ் தேசத்து யோபு குற்றமற்றவன். ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும், 7,000 ஆடுகளும், 3,000 ஒட்டகங்களும், பிற செல்வங்களும் உடையவன். தேவசபையிலே சாத்தான், யோபின் பக்தி செல்வத்தை நோக்கியதே எனக் குற்றஞ்சாட்ட, அவனைச் சோதித்தற்கு இறைவன் இசைகின்றார். ஒரே நாளில் மக்களும் பொருளும் அழிகின்றன. பின்னர் உடலெங்கும் புண் தோன்ற, ஓட்டுத் துண்டொன்றாற் சொறிந்துகொண்டு யோபு சாம்பலில் அமர்கின்றான்.

இக்கதையைக் கேட்ட அளவில் யாழ்ப்பாணத்தார் நெஞ்சில் அரிச்சந்திரன் தோன்றாதிரான். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை இரவிரவாகக் கண்டு கண்ணீர் உகுத்த ஊர்கள் இங்கே பல. அக்கதையும் தேவசபையிற் பிறந்த ஒரு வழக்கே; இந்திரன் அவையில் வசிட்டரும் விசுவாமித்திரரும் மாறுபட்டமையால், ஒன்றும் அறியாத மன்னன் நாடிழந்து, மனைவியையும் மகனையும் விற்றுச் சுடலை காக்க நேர்ந்தது. இருவரும் குற்றமற்றோர், சோதனையின் காரணம் இருவர்க்கும் மறைக்கப்பட்டது. ஆயினும் வேறுபாடொன்று உண்டு. அரிச்சந்திரன் அழுகின்றான், இறைவனோடு வழக்காடுகின்றானல்லன். யோபோ வழக்காடுகின்றான்.

யோபின் நூல் 42 அதிகாரங்களைக் கொண்டது. முதலிரண்டு அதிகாரங்களும் இறுதி அதிகாரத்தின் பெரும்பகுதியும் உரைநடை. இடைப்பட்டன பெரும்பாலும் செய்யுள். உரைநடையிற் காணப்படும் யோபு, கொடுத்தவரே எடுத்தார் என அமைகின்றான். செய்யுளில் வரும் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கின்றான். தன்னைப் பகைவனாகக் கருதுவதேன் என இறைவனை வினவுகின்றான். தன் வழக்கைக் கேட்டருளுமாறு கோருகின்றான். புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் யோபின் பொறுமையை எடுத்துரைத்தலின், பிற்காலத்துப் போதகர் பலர் அவனைப் பொறுமைக்கு ஓர் உருவமாக்கினர். அங்ஙனம் கொள்வோர் நூலின் தொடக்கத்தையும் முடிவையும் கற்று நடுவை விடுத்தவராவர்.

இனி, யோபைத் தேற்ற வந்த நண்பர் மூவரை நோக்குவாம். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்போர் ஏழு நாள் அவனருகே தரையிலிருந்து, அவன் துயரின் பெருமை கண்டு யாதும் பேசாதிருந்தனர். அவர் செய்தவற்றுள் அதுவே சிறந்தது. வாய் திறந்த பின்னர் அவர் கூறியவற்றின் சாரம் ஒன்றே: இறைவன் நீதியுடையவர், ஆதலால் நீ துன்புறுதல் நீ பாவஞ் செய்தமைக்குச் சான்று. இறைவனைக் காத்தற்பொருட்டு நண்பனைக் குற்றவாளியாக்குகின்றனர்.

இவ்வுரை நமக்கும் புதிதன்று. பிறர் துன்பங் கண்டவிடத்து 'முன்வினைப் பயன்' எனக் கூறி அப்பாற் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. சைவசித்தாந்தம் கூறும் கன்மக் கொள்கை உயிர் தன்னை உணர்ந்து உய்தற்கு உரியது. அயலானை அளத்தற்கு எடுத்த கோலன்று. மேலும், துன்புற்றார் வாய்மூடியிருத்தலே பக்தி என நம் அடியார் கொண்டாருமல்லர். சூலை நோயுற்ற அப்பர் திருவதிகையில் தம் வேதனையை மறையாது முறையிட்டார். சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு தவறிக் கண்ணிழந்த சுந்தரர், இறைவனை இடித்துரைத்தே பாடினார். அவர் வன்தொண்டர் எனப் போற்றப்படுகின்றனரேயன்றி அவிசுவாசி என இகழப்படுகின்றாரல்லர். ஆயின் சுந்தரர்பால் ஒரு பிழை உண்டு; யோபின்பால் அதுவுமில்லை. அரிச்சந்திரனது குற்றமின்மையும் வன்தொண்டரது வாயும் ஒருங்கே உடையவன் யோபு எனின், தமிழ் வாசகர்க்கு அவன் இயல்பு எளிதிற் புலனாகும்.

சுழல்காற்றினின்று பேசும் இறைவன் காரணம் யாதும் உரைத்தாரல்லர். கடலின் எல்லையையும், விண்மீன்களின் நிரையையும், காட்டு விலங்குகளின் வாழ்வையும் காட்டி, இவற்றை நீ அறிவாயோ என வினவுகின்றார். இது விடையாகாது என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. சாத்தானோடு நிகழ்ந்த உரையாடல் யோபிற்கு இறுதிவரை தெரிவிக்கப்படவேயில்லை. எனினும் அதன்பின் வழங்கப்படும் தீர்ப்பே நூலின் உயிர்நிலை. தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் வழக்காடிய யோபே என்றும், தமக்காக வாதித்த நண்பர் பிழைபட்டனர் என்றும் இறைவன் கூறுகின்றார். அவர் பலியிடவும், அவர்பொருட்டு யோபு வேண்டுதல் செய்யவும் பணிக்கின்றார். முறையீடும் நம்பிக்கையின் ஒரு வடிவமே என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. இல்லாதவரிடம் எவரும் வழக்குரையார். சிலுவையில் தொங்கிய இயேசுவும், தாம் கைவிடப்பட்டதேன் என இறைவனையே நோக்கி வினவினார் என மத்தேயுவும் மாற்குவும் எழுதியுள்ளமை ஈண்டு நினைத்தற்குரியது.

நூலின் முடிவு சிலர்க்கு மனநிறைவு தருவதில்லை. யோபின் ஆடுகள் 14,000 ஆயின; ஒட்டகங்கள் 6,000 ஆயின. ஆயின் மக்கள் முன்போலப் பதின்மரே. அவர்களும் புதிதாய்ப் பிறந்தோர். அரிச்சந்திரனுக்கு மாண்ட மகன் மீண்டான். யோபிற்கு மாண்டவர் மீண்டிலர். நூலாசிரியர் கால்நடையை இரட்டித்து மக்களை இரட்டியாது விட்டமை, பெற்றோர் இழப்பிற்கு ஈடில்லை என்பதைக் குறிப்பாற் புலப்படுத்துதல் போலும். அங்ஙனமாயின் இம்முடிவு குறையன்று, உண்மையேயாம்.

1995இன் இடப்பெயர்வும், 2004இன் ஆழிப்பேரலையும், 2009இல் முடிவுற்ற போரும் கண்ட மண் இது. மக்கள் எங்குளர் என்னும் வினாவிற்கு இன்னும் விடை பெறாத தாய்மார் கோயிலிலும் தேவாலயத்திலும் நின்று முறையிடுகின்றனர். அவரை நோக்கி, 'இறைவன் சித்தம், பொறுத்திரு' என்றோ, 'ஊழ்வினை' என்றோ உரைத்தல் எலிப்பாஸின் தொழிலாகும். அந்நண்பர் முதல் ஏழு நாளிற் செய்தது நமக்குப் போதும்: அருகிருத்தல், கேட்டல், வாய் காத்தல். துன்புற்றார் இறைவனோடு ஆடும் வழக்கில் நாம் நீதிபதியாதல் வேண்டா.