எடுத்ததும் கொடுத்ததும்: ‘ஞானஸ்நானம்’ என்ற சொல்லும் நமது மொழிபெயர்ப்பும்

தரம் 10 மாணவன் ஒருவன் கட்டுரைக் கொப்பியில், “போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அக்கா ஞானஸ்தானம் எடுத்தார்” என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனையால் ‘ஸ்தா’வை வெட்டி ‘ஸ்நா’ என்று திருத்தினேன். ஸ்தானம் என்றால் இடம், ஸ்நானம் என்றால் குளியல் என்று கரும்பலகையிலும் எழுதிப்போட்டேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பின் வாங்கிலிருந்து இன்னொருவன் எழும்பி, “சேர், ஞானஸ்நானம் எடுக்கிறதில்ல, குடுக்கிறது” என்றான். முதலாமவன் பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளை, மற்றவன் கத்தோலிக்கன். ஒரே லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருப்பவர்கள். “எங்கக்கா என்ன கைப்புள்ளயா, குடுக்கிறதுக்கு? அவதான் எடுத்தா” என்று முதலாமவன் திருப்பிச் சொன்னான்.

வினைச்சொல் ஒன்றில் இரண்டு சபைகளின் இறையியல் முழுவதும் அடங்கிக் கிடப்பதை அன்றுதான் கண்டேன். தமிழை விசேடமாகப் படித்துப் பட்டம் பெற்றவன், இருபது வருடத்துக்குக் கிட்டப் படிப்பிக்கிறவன், அந்தச் சொல்லை அதுவரை எழுத்துப்பிழையாக மட்டும் பார்த்திருக்கிறேன். நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளிலும் நிலைமை இதுதான். கிறிஸ்தவத்தைப் பற்றி எழுத வேண்டி வந்தால், “தண்ணீர் தெளிக்கும் சடங்கு” என்று ஒரு வரியில் ஞானஸ்நானத்தைத் தட்டிவிட்டுப் போகிறோம். ஆனால் அதே சொல்லை அல்குர்ஆன் தமிழாக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டும் வைத்திருக்கிறோம். சூறா அல்பகறாவின் 138ஆம் வசனத்தைப் பாருங்கள். ‘ஸிப்ஃகத்தல்லாஹ்’ என்பதற்கு ‘அல்லாஹ்வின் வர்ணம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘ஞான ஸ்நானம்’ என்று விளக்கம் தரும் தமிழாக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு கையால் தள்ளியதை மறு கையால் எடுத்து அல்லாஹ்வின் வசனத்துக்கு விளக்கமாக வைப்பதென்றால், அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

சொல்லிலிருந்தே தொடங்குவோம். சுவிசேஷங்களின் மூலமொழியான கிரேக்கத்தில் ‘பாப்டிஸோ’ என்றால் அமிழ்த்துதல், முக்கியெடுத்தல். அதன் தாய்ச்சொல்லான ‘பாப்டோ’வுக்குத் தோய்த்தல் என்றும் துணிக்குச் சாயமேற்றுதல் என்றும் இரு பொருள் உண்டு. லூக்கா 11:38இல் ஈஸா (அலை) அவர்கள் சாப்பாட்டுக்கு முன் சுத்தம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு பரிசேயன் ஆச்சரியப்படும் இடத்திலும் இதே வினைதான் வருகிறது. ஆக, நமது வுழூவுக்குக் கிட்டிய அன்றாடப் பொருளிலும் அந்தச் சொல் புழங்கியிருக்கிறது.

தமிழுக்கு வரும்போது கதை வேறு. ஞானஸ்நானம் மதுரை மிஷன் மரபில் வேரூன்றிய சொல். 1606இல் மதுரைக்கு வந்த ரொபேர்ட் டி நொபிலி வடமொழிச் சொற்களை எடுத்துக் கிறிஸ்தவத்துக்கு ஒரு சபைத்தமிழ் சமைத்தவர். அந்தத் தமிழில் ‘ஞான’ என்ற முன்னொட்டுக்கு அறிவு என்பது பொருளல்ல, ஆன்மிகம் என்பதே பொருள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்பவை அப்படி வந்தவை. தக்கலை பீர் முஹம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியையும் குணங்குடியாரையும் கேட்டு வளர்ந்த நமது காதில் ‘ஞானம்’ வேறு மாதிரி ஒலிக்கும். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதை மாற்றித் ‘திருமுழுக்கு’ என்று போட்டது. இதன் பலனாக யஹ்யா (அலை) அவர்களுக்குத் தமிழ்க் கிறிஸ்தவத்தில் மூன்று பெயர்: பழைய கத்தோலிக்கருக்கு ஸ்நாபக அருளப்பர், புரட்டஸ்தாந்தருக்கு யோவான் ஸ்நானகன், புதிய மொழிபெயர்ப்பில் திருமுழுக்கு யோவான். மூவரும் ஒருவரே என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போகும்.

தமிழ்க்காரன் என்ற முறையில் திருமுழுக்கு எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் நம் நாட்டுத் தமிழில் முழுக்குக்கு எத்தனை வேர்கள்! துடக்குக் கழிய முழுகுவது, செத்த வீட்டுக்குப் போய்வந்து முழுகுவது, கோயில் குடமுழுக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. “முழுகாமல் இருக்கிறாள்” என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தம். “அவனைத் தலைமுழுகியாச்சு” என்றால் உறவை அறுத்தாயிற்று. மறுபடி பிறக்கத் தாயின் வயிற்றுக்குள் திரும்பிப் போக முடியுமா என்று நிக்கொதேமு கேட்கும் யோவான் 3ஆம் அதிகாரத்தை இந்த வழக்குகளோடு வைத்துப் படித்தால் தமிழன் ஒருவனுக்குத் தனியாகவே ஒரு விரிவுரை கிடைக்கும்.

இனி வேதத்தில் அதன் பொருள். ஒன்றல்ல, பல. மாற்கு 1:4இல் அது மனந்திரும்புதலின் அடையாளம், பாவமன்னிப்புக்கானது. இதை நாம் லேசாக விளங்கிக்கொள்வோம், தவ்பாவும் குளிப்பும் நமக்குப் புதிதல்ல. பவுல் இதை வேறொரு இடத்துக்குக் கொண்டு போகிறார். ரோமர் 6:3, 4இல் தண்ணீர் கழுவும் தண்ணீராக இல்லை, கபுறாகிவிடுகிறது. கிறிஸ்துவோடு மரித்து, அடக்கம் பண்ணப்பட்டு, எழும்புவதுதான் அவர் சொல்லும் ஞானஸ்நானம். முக்கியெடுப்பவர்கள் ஏன் தலைமயிர் நுனி வரை முக்குகிறார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. மண் அரைகுறையாக மூடினால் அது அடக்கமாகாது. சிலுவை மரணத்தை ஏற்காத நாம் (4:157) இந்த உருவகத்தில் பங்குகொள்ள முடியாது. நமக்கும் அவர்களுக்கும் உண்மையான பிரிகோடு தண்ணீரின் அளவில் இல்லை, இங்கேதான் ஓடுகிறது. நம்மவர்கள் எழுதுவதில் இந்த இடத்தைத் தொட்டவர்களை நான் அதிகம் காணவில்லை. தெளிப்பைக் கேலி செய்வது சுலபம், அதனால் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

ஆதிச் சபையின் ‘டிடாகே’ என்ற கைநூல் முதலாம் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்தது என்பர். அதன் 7ஆம் அதிகாரம் அப்படியே நமது ஷாபிஈ பிக்ஹு கிதாபின் தண்ணீர்ப் பாடம் போலிருக்கும். ஓடும் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் வேறு தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் முடியாவிட்டால் சுடுதண்ணீர். இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று. தை மாசத்துப் பனியில் பட்டிப்பொல ஓடையில் ஆளை முக்குகிறவர்களுக்கு அந்தச் சுடுதண்ணீர்ச் சலுகையை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது. கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கும் ரயில் ஸ்டேசன் இது. பீலியில் முகம் கழுவவே இங்கே மனசைத் திடப்படுத்த வேண்டும்.

குழந்தைக்குக் கொடுப்பதா, வளர்ந்தவர் எடுப்பதா என்ற சண்டை இதற்குப் பிந்தியது. ஆதாமின் பாவம் பிள்ளையோடு பிறக்கிறது என்பதை அகுஸ்தீன் வலுவாக நிறுவிய பிறகு, காத்திருப்பது பயங்கரமாகிவிட்டது. நமக்கோ ஒவ்வொரு பிள்ளையும் பித்ராவில் பிறக்கிறது என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்கு. பிறந்த சிசுவைக் கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் நமது அகீதாவில் இல்லை. கத்தோலிக்க உலகத்திலும் இந்தப் பயம் தளர்ந்திருக்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் மீட்சிக்கு நம்பிக்கை வைக்க இடமுண்டு என்று வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு 2007இல் எழுதியது.

ஆனால் எழுத்தில் தளர்ந்த பயம் லயத்துக் காம்பராவில் தளர நாளாகும். என் ராத்தா ஒரு மிட்வைஃப். பல வருடத்துக்கு முன் ஓர் இரவு, குறைமாதத்தில் பிறந்த பிள்ளை ஒன்று மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்துத் தாய், “மிஸ்ஸி, சாமியார் வரமுந்தி போயிரும். நீங்களாச்சும் தலையில தண்ணி ஊத்திவிடுங்க” என்று கையைப் பிடித்திருக்கிறாள். ராத்தா திகைத்துப் போனா. அவசரத்தில் யாரும், ஞானஸ்நானம் பெறாதவர்கூட, திருச்சபையின் கருத்தோடு செய்தால் அது செல்லும் என்பது கத்தோலிக்கச் சட்டம் (1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் 861ஆம் விதி, 1439இல் புளோரன்ஸ் சங்கமும் இதைச் சொல்லியிருக்கிறது). அந்தத் தாய்க்குச் சட்ட இலக்கம் தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது. ராத்தாவுக்கு இது எதுவும் தெரியாது, அந்த வசனத்தைத் தன் வாயால் சொல்ல ஏலாது என்பது மட்டும் தெரியும். ஒரு கப்பில் தண்ணீர் எடுத்து வந்து தாயின் கையில் கொடுத்தா. தாய் ஊற்றினாள், தாயே சொன்னாள். அதுவும் செல்லும். “அன்டைக்கு நான் தண்ணி எடுத்துக் குடுத்தது சரியா தம்பி?” என்று ராத்தா என்னிடம் இரண்டு தரம் கேட்டிருக்கிறா. ‘தண்ணீர் தெளிக்கும் சடங்கு’ என்று எழுதுகிறவர்கள் அந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இதற்குள் அரசியல் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதற்குப் பெரிய காரணம், கடற்கரை முஸ்லிம்களோடு இருந்த பகையில் போர்த்துக்கேயரின் பாதுகாப்புக் கிடைத்தது. 1542இல் வந்த சவேரியார், அவர்களுக்குப் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாதிருப்பதைக் கண்டார். ஒல்லாந்தர் இலங்கையில் அரசாங்க உத்தியோகத்துக்கே அதை நிபந்தனையாக்கினார்கள். பெயருக்குக் கிறிஸ்தவர், வீட்டில் பழையபடி. இதையெல்லாம் கிறிஸ்தவர்களே குறையாக எழுதிவைத்திருக்கிறார்கள்; எமர்சன் ரெனன்ட் 1850இல் வெளியிட்ட நூல் ஒன்று போதும். அதிகாரம் ஒரு சடங்கை எப்படிப் பாவித்தது என்பதற்கு இவை சாட்சி. சடங்கின் பொருளுக்கு இவற்றைச் சாட்சியாக வைப்பது நியாயமில்லை.

எனக்கு இவற்றைவிடச் சுவையாகப் பட்டது 1704ஆம் ஆண்டுச் சண்டை. ஞானஸ்நானத்தின்போது குரு எச்சில் தொட்டுக் காதிலும் மூக்கிலும் தடவுவது அன்றைய உரோமை வழக்கம். தமிழருக்கு எச்சில் என்றால் அருவருப்பு, ஆகவே மதுரைக் குருமார் அதை விட்டுவிட்டார்கள். பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் அதை விடக்கூடாது என்று கட்டளை போட்டார். இழுபறி நாற்பது வருடம் போனது. நமது தஹ்னீக்கை நினைத்துப் பார்க்கிறேன். நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று பிறந்த பிள்ளையின் அண்ணத்தில் தடவினார்கள். அதை பரக்கத் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு உரோமைச் சடங்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

நொபிலி பக்கம் இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற உயர்சாதியார் பூணூலையும் குடுமியையும் வைத்திருக்கலாம் என்று அவர் வாதாடி, 1623இல் உரோமையின் அனுமதியும் வாங்கினார். தண்ணீர் பட்டும் வர்ணம் போகவில்லை! கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே அடிமையும் இல்லை, சுயாதீனனும் இல்லை என்பது கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தின் கருத்து.

இந்த ‘வர்ணம்’தான் நமது தமிழாக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘அல்லாஹ்வின் வர்ணம்’ என்று தோட்டப் பாடசாலை ஒன்றில் வாசித்துக் காட்டினால், வருணாசிரமம் படித்த பிள்ளை என்ன நினைக்கும்? ‘ஸிப்ஃக்’ என்றால் துணி தோய்க்கும் சாயம். அரமேய மொழியிலும் இதே வேர் தோய்த்தலையும் சாயமேற்றுதலையும் குறிக்கும். ஈராக்கிலே யஹ்யா (அலை) அவர்களைப் போற்றும் மந்தாயியர் தங்கள் ஆற்று முழுக்கை ‘மஸ்பூத்தா’ என்பது அந்த வேரிலிருந்துதான். கிறிஸ்தவர்கள் குழந்தையை ‘மஃமூதிய்யா’ என்ற நீரில் தோய்த்துச் சாயமிட்டதை ஒட்டியே வசனம் இறங்கியது என்று தப்ஸீர்கள் அறிவிப்புக் கூறுகின்றன.

‘ஞானஸ்நானம்’ என்ற அடைப்புக்குறி விளக்கம் ஏன் போதாது என்பது இப்போது தெரியும். குளிப்பு அழுக்கைப் போக்கும், நாளைக்கும் குளிக்கலாம். சாயம் நூலுக்குள் இறங்கி நிற்கும். வேடிக்கை என்னவென்றால், கத்தோலிக்கர் தங்கள் ஞானஸ்நானத்தை விளக்குவதும் இப்படித்தான். அது அழியாத முத்திரை, ஒரு தரத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது. குழந்தையில் ‘குடுத்தது’ போதாது, வளர்ந்து ‘எடுக்க’ வேண்டும் என்று பெந்தெகொஸ்தேக்காரர் சொல்வது அவர்களுக்கு உறுத்துவது அதனால்தான். ஸ்நானமும் முழுக்கும் தவறவிட்ட இந்த அர்த்தத்தை அரபுச் சொல் ஒரே பிடியில் பிடித்திருக்கிறது. பிடித்துவிட்டு, சாயமிடுவதில் அல்லாஹ்வைவிட அழகானவன் யார் என்று கேட்கிறது. கை மாறுகிறது. தண்ணீரும் இல்லை, குருவும் இல்லை.

‘சாயம்’ என்று எழுதினால் “சாயம் வெளுத்துப்போச்சு” என்ற வழக்கு வந்து கெடுக்கும். என் யோசனை ‘தோய்’ என்ற பழைய தமிழ் வினைதான். குளிப்பதும் தோய்தல், சாயமேறுவதும் தோய்தல், உறை ஊற்றிய பால் தயிராவதும் தோய்தல். ‘அல்லாஹ் தோய்த்த நிறம்’ என்று எழுதி, ஞானஸ்நானம் பற்றிய செய்தியை அடைப்புக்குறியிலிருந்து எடுத்து அடிக்குறிப்பில் இரண்டு வரியாக வைக்கலாம். மௌலவிமார்கள் அரபுப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லட்டும். தமிழ்ப் பக்கத்தில் இதைவிடப் பொருந்தும் சொல் வைத்திருப்பவர்கள் அடுத்த இதழுக்கு எழுதட்டும்.